பல்லை நகர்த்தப் பயிலும் மூன்றாண்டு

விடுதி உணவுக்கூடத்தில் ஒரு நாள் இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "பல்லுக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொள்ளவா மூன்று ஆண்டு? பல் மருத்துவம் முழுவதையும் ஐந்து ஆண்டில் படித்து முடித்த உங்களுக்கு, அந்த ஒரு கம்பிக்கு இன்னும் மூன்று ஆண்டா?" என்று கேட்டார். உடனிருந்த அன்பர்கள் சிரித்தனர். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அறைக்குத் திரும்பிய பின்னர்தான் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று என்பது எனக்குப் புலனாயிற்று. ஒரு கல்வி ஏன் இத்தனைக் காலம் நடக்க வேண்டும் என்பது எத்துறை மாணவரும் கேட்க வேண்டிய கேள்வியே. அதற்கு என்னால் இயன்ற விடையை இங்கே தருகிறேன்.

பெயரும் பணியும்

பற்சீரமைப்பியல் என்று தமிழிற் கூறத்தக்க இத்துறையை மருத்துவர்கள் ஆர்த்தோடான்டிக்ஸ் என்பர். 'ஆர்த்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேர் என்பது பொருள். 'ஒடூஸ்' என்பதற்குப் பல் என்பது பொருள். எத்துப்பல்லையும் தெத்துப்பல்லையும் வரிசைப்படுத்துவதே இத்துறையின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அது பணியின் ஒரு பகுதி மட்டுமே. மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்திக் கடிக்கின்றனவா, இரு தாடைகளும் அளவொத்து வளர்கின்றனவா என்று ஆராய்வதும் இத்துறையின் கடமை. வளரும் பருவத்துச் சிறுவனின் பின்தங்கிய கீழ்த்தாடைக்கு உரிய காலத்தில் உதவுவதும், தாடை அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பற்களை ஆயத்தம் செய்வதும் இதனுள் அடங்கும். உதட்டுப்பிளவோடும் அண்ணப்பிளவோடும் பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலிருந்து வாலிபப் பருவம் வரையில் அறுவை மருத்துவரோடு துணை நிற்பவரும் இத்துறை மருத்துவரே. "பல் போனால் சொல் போச்சு" என்றனர் நம் முன்னோர். பல் போகாமல் இடம் மாறி நின்றாலும் சொல் தடுமாறும், மெல்லுதல் குறையும், நாலு பேர் முன் வாய்விட்டுச் சிரிக்கவும் தயங்க நேரிடும்.

கல்வியின் அமைப்பு

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த இந்தியப் பல் மருத்துவ மன்றமே நெடுங்காலம் இக்கல்விக்கு விதிகளை வகுத்து வந்தது. அச்சட்டத்தின் இடத்தில் அமையத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. பற்சீரமைப்பு மருத்துவர்கள் தமக்கென இந்தியப் பற்சீரமைப்புக் கழகத்தை 1965இல் நிறுவிக்கொண்டனர்.

நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது பி.டி.எஸ். பட்டம். அதன்பின் நீட்-எம்.டி.எஸ். என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுதித் தகுதி பெறுவோர், மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பில் சேரலாம். இப்பட்டத்திற்கு ஒன்பது சிறப்புப் பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றே பற்சீரமைப்பும் முகத்தாடைச் சீரமைப்பும் என்னும் நம் பிரிவு.

முதலாண்டின் முடிவில் அடிப்படை அறிவியலில் ஒரு தேர்வு. உடற்கூறு, கருவளர்ச்சி, உடலியங்கியல், மரபியல், முகவளர்ச்சி, பல் மருத்துவப் பொருள்கள், புள்ளியியல் ஆகியவை அதில் அடங்கும். மூன்றாம் ஆண்டின் முடிவில் சிறப்புப் பாடத்தில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. இடையே ஆய்வேடு ஒன்றையும் எழுதி முடித்தல் வேண்டும். ஆனால் இவையெல்லாம் பாடத்திட்டத்தில் எழுதியிருப்பவை. மூன்றாண்டு எதற்கு என்ற கேள்விக்கு விடை பாடத்திட்டத்தில் இல்லை; பல் நகரும் முறையில் இருக்கிறது.

பல் நகர்வது எவ்வாறு?

பல் எலும்பிலே ஆணிபோல் அறையப்பட்டதன்று. பல்லின் வேருக்கும் அதனைத் தாங்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லின்மீது இலேசான விசையைத் தொடர்ந்து செலுத்தினால் ஒரு பக்கத்து நார் அழுந்தும். மறுபக்கத்து நார் இழுபடும். அழுந்திய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வந்து கூடும். இழுபட்ட பக்கத்தில் எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் புது எலும்பை இடும். இவ்வாறு முன்னே இடித்தும் பின்னே கட்டியும் பல் தன் வீட்டையே உடன்கொண்டு நகர்கிறது. சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் என்பார் நாய்களின் பற்களில் செய்த சோதனைகளால் இவ்வுண்மையைக் கண்டார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அவருடைய கட்டுரைகள் வெளியாயின.

விசையைக் கூட்டினால் பல் விரைந்து நகருமா? இயற்பியல் நண்பர்கள் ஆம் என்பர். உடலியங்கியல் இல்லை என்கிறது. விசை மிகுந்தால் நாரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். குருதி பாயாத இடத்தில் உயிரணுக்கள் மடியும். மடிந்த பகுதியைப் பின்புறத்து எலும்பிலிருந்து குடைந்து அகற்றும் வரையில் பல் பல வாரம் அசையாமல் நிற்கும். வேரும் தேயக்கூடும். ஆகவே விசை, நுண்குழாய்க் குருதியின் அழுத்தத்தை மிஞ்சலாகாது என்று 1932இல் ஷ்வார்ட்ஸ் என்னும் அறிஞர் கூறினார். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் கண்ட அளவு. கோரைப்பல் ஒன்றைப் பின்னே இழுக்க இன்று நாம் பயன்படுத்தும் விசை ஏறத்தாழ 100 முதல் 150 கிராம்தான். ஒரு தக்காளியின் எடை என்று கொள்ளுங்கள்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது பழமொழி. அம்மிக்கு அது பொருந்தலாம். பல்லோ அடித்தால் நின்றுவிடும். மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால் நகரும். அப்படி நகர்வதும் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இடநெருக்கடிக்காக முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தால் கிடைக்கும் இடைவெளி 7 மில்லிமீட்டர் அளவு. முதலில் பற்களை வரிசைப்படுத்தவும், பின்பு இடைவெளியை மூடவும், இறுதியில் கடிப்பைச் செப்பம் செய்யவும் இரண்டாண்டு அளவு சென்றுவிடும். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு நோயாளியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையில் தன் கையாலேயே பார்த்து முடிக்க விரும்பும் மாணவனுக்கு மூன்றாண்டு என்பது நீண்ட காலமா? அது போதும் போதாததுமான காலம் என்றே நான் கூறுவேன்.

கம்பியும் மெழுகும்

நோயாளியைத் தொடுமுன் மாணவன் கம்பியைத் தொட வேண்டும். வளைந்து சுருண்ட எஃகுக் கம்பி ஒன்றைக் கொடுத்து, தீயிற் காட்டாமல் விரல்களாலேயே ஒரு சாண் நீளத்திற்கு நேராக்கு என்பார் ஆசிரியர். எளிதென்று தோன்றும். கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து உருட்டினால் நம் நேர்மையின் அளவு தெரிந்துவிடும்! பின்னர்ப் பல்லைப் பற்றும் கொக்கிகள், சுருள்கள், வளைவுகள், பற்ற வைத்தல் என ஒவ்வொன்றாகப் பயில வேண்டும். அதற்கடுத்தது மெழுகுப் பயிற்சி. மெழுகிலே பதித்த உலோகப் பற்களின்மீது கம்பியைப் பூட்டி வெந்நீரில் அமிழ்த்துவர். மெழுகு இளகும், பற்கள் நகரும். ஈராண்டில் வாயினுள் நடப்பதைச் சில நாட்களில் மேசைமீது காணலாம். அங்கே பிழை செய்தால் மெழுகை உருக்கி மீண்டும் தொடங்கலாம். வாயினுள் அவ்வாறு செய்ய இயலாது.

இதனோடு முகத்தை அளக்கவும் கற்க வேண்டும். தலையை அசையாது நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டனர். அப்படத்தில் புள்ளிகளைக் குறித்துக் கோடுகளை இழுத்துக் கோணங்களை அளந்து, தாடைகளின் நிலையை அறிகிறோம். ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். பாடநூல்களில் உள்ள பழைய அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையரின் முகங்களைக் கொண்டு வகுத்தவை. நம் நாட்டு முகம் அவ்வளவுக்கு ஒத்துவரவில்லையெனில் குறை முகத்தில் இல்லை. இந்திய ஆய்வாளர்கள் நம் மக்களை அளந்து தனி அளவுகளைக் கண்டிருப்பது இதனால்தான். மூக்கும் உதடும் எவ்வாறு இருந்தால் அழகு என்பதை வேற்று நாட்டு அட்டவணை தீர்மானிக்க விட்டுவிடுதல் அறிவியலும் ஆகாது; அறமும் ஆகாது.

தேரும் முட்டுக்கட்டையும்

ஒரு பல்லைப் பின்னே இழுக்க வேண்டுமெனில் வேறொரு பல்லைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி வாயினுள்ளும் செல்லும். கோரைப்பல்லைப் பின்னே இழுக்கும் விசை, பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப்பல்லை முன்னே இழுக்கும். இப்பிடிமானத்தைக் காப்பதே எங்கள் கலையின் உயிர்நாடி. ஊரில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கையில் இருக்கிறது. இழுக்கத் தெரிந்தவன் மாணவன். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவனே மருத்துவன்.

இதனை நான் நூலில் படித்திருந்தேன்; கற்றதோ ஒரு சிறுமியின் வாயில்.

இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2017இல் வகுத்த விதிகளின்படி, மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 50 நோயாளிகளுக்குத் தாமே சிகிச்சை தொடங்க வேண்டும். அதனோடு, படிப்பை முடித்துச் செல்லும் மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வரும் நோயாளிகள் 20 பேரையேனும் கவனிக்க வேண்டும். அவ்வாறு எனக்குக் கைமாறி வந்தவள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. நான்கு மணி நேரம் இரயிலில் பயணம் செய்து, மாதம் ஒருமுறை தந்தையோடு வருவாள். தந்தை அன்றாடக் கூலி வேலை செய்பவர். வரும் நாளெல்லாம் அவருக்குக் கூலியில்லை.

அவர்களுடைய அலைச்சலைக் குறைக்கலாம் என்று எண்ணி நான் விசையைச் சிறிது கூட்டினேன். கருணை என்றே அப்போது நினைத்தேன். அதில் என் அவசரமும் கலந்திருந்தது. நான்கு மாதம் கழித்து ஆசிரியர் அவளுடைய பற்களின் பிளாஸ்டர் அச்சுகள் இரண்டை, பழையதையும் புதியதையும், என் முன் அருகருகே வைத்தார். "அளந்து பார்" என்றார், வேறொன்றும் கூறவில்லை. அளந்தேன். இடைவெளி குறைந்துதான் இருந்தது. ஆனால் கோரைப்பல் பின்னே சென்று குறையவில்லை. கடைவாய்ப்பல் முன்னே வந்து குறைந்திருந்தது. எத்துப்பல்லை உள்ளிழுக்க வைத்திருந்த இடத்தில் பாதியை நான் வீணாக்கிவிட்டேன்.

எலும்பிலே சிறு திருகாணியைப் பொருத்தி அதனையே பிடிமானமாகக் கொள்ளும் முறை 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிவருகிறது. அதன் உதவியால் நிலைமையைச் சீர்செய்ய முடிந்தது. எனினும் சிகிச்சை ஆறு மாதம் நீண்டது. அதை அவர்களிடம் சொல்ல வேண்டுமே! என் இந்தி அன்று பள்ளிப் பிள்ளையின் இந்தி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. ஆகவே நேராகச் சொன்னேன்: தவறு என்னுடையது, இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று. அந்தத் தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொன்னீர்களே, அது போதும். அடுத்த முறை எந்தத் தேதி?" என்று கேட்டார். அந்த ஆண்டில் நான் எழுதிய எந்தத் தேர்வும் அக்கேள்வியைப் போல் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை.

தவற்றைத் திரும்பிப் பார்த்தவர்

தவறு செய்தவன் நான் ஒருவன் அல்லன். பெரியோரும் செய்திருக்கின்றனர். அதை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

இத்துறையின் தந்தையெனப் போற்றப்படும் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பற்பொருத்தக் குறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் முதல் நாள் பாடம் அதுவே. 1900இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் இத்துறைக்கெனத் தனிப் பள்ளியை நிறுவினார். தொடக்கத்தில் அங்கே பயிற்சி சில வாரங்களில் முடிந்துவிடும். சீரமைப்புக்காக எந்தப் பல்லையும் எடுக்கலாகாது, முப்பத்திரண்டுக்கும் இடம் உண்டு என்பது அவருடைய உறுதியான கொள்கை.

அவர் மாணவர்களுள் ஒருவர் சார்லஸ் ட்வீட். குருவின் சொல்லைத் தலைமேற்கொண்டு பல்லை எடுக்காமலேயே சிகிச்சை செய்துவந்தார். ஆனால் சிகிச்சை முடிந்தவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, பலருக்குப் பற்கள் முன்போல் கலைந்திருந்தன. சிலருடைய முகம் முன்னிலும் துருத்தியிருந்தது. அவர் வாளாவிருக்கவில்லை. அத்தகையோருக்கு முன்கடைவாய்ப்பற்கள் நான்கை எடுத்து மறுபடியும் சிகிச்சை செய்தார். அவ்வாறு இருமுறை சிகிச்சை பெற்ற 100 பேரின் அச்சுகளையும் படங்களையும் 1940இல் தம் துறையினர் கூடிய மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். ஆங்கிள் 1930இலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் கொள்கையைப் போற்றியோர் ட்வீடைக் கடிந்தனர். இன்று யாருக்குப் பல் எடுக்க வேண்டும், யாருக்கு எடுக்கலாகாது என்பதை ஆளுக்கேற்ப முடிவு செய்கிறோம். ட்வீடின் பெருமை பல்லை எடுத்ததில் இல்லை. தம் நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்ததில் இருக்கிறது.

கம்பியைக் கழற்றிய நாளில் யாருக்கும் பல் அழகாகத்தான் இருக்கும். ஈறின் நார்கள் புதிய நிலைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பற்களைப் பிடித்து நிறுத்தும் தகட்டை அணியாவிடில் அவை பழைய இடத்தை நாடும். சிகிச்சை முடிந்தபின் வரும் இந்தக் காலத்தையும் மாணவன் கண்ணாற் காண வேண்டும். சில வாரப் பயிற்சியில் காணக்கூடியது கம்பியைப் பூட்டுவது மட்டுமே. இன்று சில வாரங்களில் கம்பி கட்டக் கற்பிப்பதாக வரும் விளம்பரங்களைக் காணும் இளம் மருத்துவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக. மருத்துவரை நேரில் காணாமலே அஞ்சலில் பெறும் ஒளிபுகும் பல்லுறைகளை நம்புவோரும் எண்ணிப் பார்ப்பாராக. உறையும் நல்ல கருவியே. ஆனால் எலும்பின் நிலையையும் வேரின் நிலையையும் பார்த்து விசையை அளக்கும் கண் அதற்குப் பின்னே இருக்க வேண்டும்.

தேர்வு நாளும் தெரிவு நாளும்

எங்கள் இறுதிச் செய்முறைத் தேர்வில் ஒரு சிறப்பு உண்டு. தான் சிகிச்சை செய்தவர்களுள் ஐந்து பேரையேனும் அவர்தம் அச்சுகள், படங்கள், குறிப்புகள் அனைத்தோடும் தேர்வாளர் முன் நிறுத்த வேண்டும். முன்பு எப்படி இருந்தது, என்ன திட்டமிட்டாய், ஏன் மாறியது என்று கேட்பர். மனப்பாடம் அங்கே உதவாது. நோயாளி வராவிட்டால் தேர்வு நடக்காது. மூன்றாண்டும் அவரை மதித்து நடந்தவனுக்கே அவர் வந்து உதவுவார்.

இப்படிப்பை விரும்பும் நம் இளையோருக்குச் சில சொற்கள். கல்லூரியைத் தெரிவு செய்யும்போது கட்டடத்தையும் நாற்காலிகளையும் மட்டும் பார்க்காதீர்கள். நாள்தோறும் நோயாளிகள் எத்தனை பேர் வருகின்றனர்? அண்ணப்பிளவுக் குழந்தைகளும் தாடை அறுவைக்கு உரியோரும் வருகின்றனரா? சிகிச்சை முடிந்தவர்களை மீண்டும் அழைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டா? ஆசிரியர் அச்சைக் கையிலெடுத்து அளந்து பார்ப்பவரா? இவற்றை அங்கே பயிலும் மாணவர்களிடம் கேட்டறியுங்கள். தனியார் கல்லூரிகளில் கட்டணம் மிகுதி. வருவாய் ஒன்றையே கருதிக் கடன்பட்டு வருவோர் நன்கு எண்ணித் துணிதல் நலம். வேற்று மாநிலத்திற்கு வந்தால், மருந்தின் பெயர்களுக்கு முன்னே அவ்வூர் மொழியில் 'வலிக்கிறதா?' என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இயற்பியல் நண்பருக்கு என் விடை இதுதான். கம்பி கட்ட மூன்றாண்டு வேண்டுவதில்லை. சில வாரம் போதும். கட்டிய கம்பி என்ன செய்தது என்று காத்திருந்து பார்க்கவும், பிழையெனில் ஒப்புக்கொண்டு திருத்தவும் மூன்றாண்டு வேண்டும். சென்ற மாதம் அந்தப் பெண்ணின் கம்பியைக் கழற்றினோம். இன்னும் சில மாதங்களில் நான் இங்கிருந்து விடைபெறுவேன். சிகிச்சை முடியாத என் நோயாளிகள் அடுத்து வரும் மாணவர்களிடம் கைமாறுவர். அவர்களுக்காக ஒவ்வொருவரின் குறிப்பேட்டையும் இப்போது விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே பிழை செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.